சோற்றை அதக்கி வைக்கும் தங்கை, அள்ளி விழுங்கும் அண்ணன்: எச்சில் மேல் என்ன குற்றம்?

கேள்வி: கரூரிலிருந்து எழுதுகிறேன் டாக்டர். மகனுக்கு 8 வயது, உயரம் 128 செ.மீ., எடை 36 கிலோ. மகளுக்கு 3 வயது, 92 செ.மீ., 12 கிலோ. ஒரே வீடு, ஒரே சமையல். பையன் டிவி முன்னால் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் தட்டு காலி, மெல்லுகிறானா என்றே தெரியாது. பெண் ஒரு வாய் சோற்றை வாங்கிக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு அரைமணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "எச்சில்ல சத்து இல்லாத பிள்ளைக்குச் சோறு உடம்புல ஒட்டாது" என்கிறார் மாமியார். எச்சிலில் என்சைம் குறைவாக இருந்தால் மாவுச்சத்து கொழுப்பாகி உடம்பு போடும் என்று கணவர் எங்கோ படித்திருக்கிறார். அதற்கு ஜீன் டெஸ்ட் இருக்கிறதாம், எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் போதுமாம். எடுக்கலாமா? மகளுக்கு மெடிக்கல் ஷாப்பில் என்சைம் சிரப் கொடுத்தார்கள், தரலாமா? இன்னொன்று: என் தங்கையின் 8 மாதக் குழந்தைக்கு எங்கள் அம்மா சோற்றைத் தன் வாயில் மென்று ஊட்டுகிறார். தடுத்தால் "உங்களையெல்லாம் இப்படித்தான் வளர்த்தேன்" என்கிறார். என்ன சொல்வது?

பதில்: என்சைம் குறைந்தால் பிள்ளை மெலியும் என்கிறார் உங்கள் மாமியார், அதே என்சைம் குறைந்தால் பிள்ளை பருக்கும் என்கிறார் உங்கள் கணவர். ஒரே குற்றவாளி மேல் எதிரெதிரான இரண்டு வழக்கு! உங்கள் இரண்டு பிள்ளைகள் விஷயத்தில் இரண்டையும் தள்ளுபடி செய்துவிடலாம் என்பது என் கருத்து. ஆனால் நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் கேட்ட அந்த 8 மாதக் குழந்தை விஷயத்தில்தான் எச்சில் என்சைமுக்கும் எடைக்கும் உண்மையான சம்பந்தம் ஒன்று இருக்கிறது. அங்கே பிறகு வருகிறேன்.

முதலில் எச்சில் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். அதில் இருக்கும் முக்கியமான நொதியின், அதாவது என்சைமின், பெயர் அமைலேஸ், பள்ளிப் பாடத்தில் டயலின் என்று படித்திருப்பீர்கள். எச்சிலுக்கு மாவுச்சத்தை உடைக்கும் குணம் இருக்கிறது என்று லியூக்ஸ் என்ற ஜெர்மானியர் 1831-லேயே எழுதிவிட்டார். அரிசி, கோதுமை, உருளைக்கிழங்கு எதுவானாலும் அதிலுள்ள நீளமான மாவுச்சத்துச் சங்கிலியை இது சின்னச் சின்னத் துண்டுகளாக, மால்டோஸ் என்கிற சர்க்கரையாக நறுக்கும். சோற்றை வெகுநேரம் வாயில் வைத்திருந்தால் இனிப்பது இதனால்தான். ஆனால் நாம் விழுங்குவதற்கு முன் வாயில் செரிப்பது மொத்த மாவுச்சத்தில் 5 சதவீதத்தைத் தாண்டாது. விழுங்கிய பிறகும் அந்தச் சோற்று உருண்டைக்குள் வயிற்று அமிலம் புகும்வரை வேலை கொஞ்சம் ஓடும், 30, 40 சதவீதம் வரைகூடப் போகும் என்று உடலியல் பாட நூல்கள் சொல்கின்றன. மிச்சத்தை முடிப்பது கணையம். அதிலிருந்து வரும் அமைலேஸ் அளவிலும் வேகத்திலும் மிகப் பெரியது, அதற்கு அப்புறம் சிறுகுடல் சுவரிலும் தனியாகச் சில நொதிகள் காத்திருக்கின்றன. எச்சில் அமைலேஸ் கல்யாண மண்டப வாசலில் சந்தனமும் கற்கண்டும் கொடுக்கிறவர் மாதிரி. அவர் வரவில்லை என்பதற்காக உள்ளே பந்தி நின்றுவிடாது.

இதைச் சும்மா சொல்லவில்லை. கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டு உமிழ்நீர்ச் சுரப்பி வற்றிப்போனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விழுங்கத் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும், பல் சொத்தை வேகமாக வரும், ருசி போய்விடும். ஆனால் தின்ற சோறு செரிக்காமல் போகிறது என்று யாரும் வருவதில்லை. ஆக, "எச்சில் சரியில்லை, அதனால் சோறு ஒட்டவில்லை" என்ற கணக்கு உடம்பில் நடப்பதில்லை. அதேபோல, 100 கிராம் சோற்றில் இருக்கும் கலோரி, எச்சில் வேகமாகச் செரித்தாலும் கணையம் நிதானமாகச் செரித்தாலும் கிட்டத்தட்ட அதேதான். எச்சில் குறைந்தால் மாவுச்சத்து "கொழுப்பாக மாறும்" என்பதற்கும் வழி கிடையாது. தேவைக்கு மேல் சாப்பிட்டால்தான் மாறும்.

உங்கள் மகளின் எச்சிலில் அமைலேஸ் இருக்கிறதா என்று சந்தேகமிருந்தால் ஜீன் டெஸ்ட் எல்லாம் வேண்டாம், சமையலறையிலேயே பார்த்துவிடலாம். சோறு வடித்த கஞ்சியைத் தண்ணீர் விட்டு நன்றாக நீர்க்கச் செய்து, வெதுவெதுப்பாக இரண்டு சின்ன டம்ளரில் ஊற்றுங்கள். ஒன்றில் மகளைக் கொஞ்சம் துப்பச் சொல்லுங்கள், இதை மட்டும் எந்தக் குழந்தையும் மறுக்காது. கால்மணி நேரம் கழித்து இரண்டிலும் காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து ஒரு சொட்டு விடுங்கள். எச்சில் சேராத டம்ளர் கருநீலமாக மாறும், சேர்ந்ததில் நீலம் மங்கியோ வராமலோ இருக்கும். மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள். முடிந்ததும் இரண்டையும் கீழே கொட்டிவிடுங்கள், பிள்ளைகள் கையில் அயோடின் போகக் கூடாது.

சரி, அந்த ஜீன் டெஸ்ட்.

உங்கள் கணவர் படித்தது முழுக்கக் கட்டுக்கதை என்று சொல்ல மாட்டேன், பாதியில் நிறுத்திய கதை. எச்சில் அமைலேஸை உண்டாக்கும் மரபணுவின் பெயர் ஏஎம்ஒய்-1. நம்முடைய மற்றப் பெரும்பாலான மரபணுக்கள் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகளாக இருக்கும். இது ஒரு விசித்திரமான ஆள், சிலரிடம் இரண்டு பிரதி, சிலரிடம் ஆறு, சிலரிடம் பத்துக்கும் மேல். மாவுச்சத்து அதிகம் சாப்பிட்டு வந்த மக்களிடம் பிரதிகள் சராசரியாக அதிகம் என்று 2007-ல் ஓர் ஆய்வு வந்தது. ஜப்பானியர்களிடம் அதிகம், காங்கோ மழைக்காட்டு வேட்டை மக்களிடம் குறைவு. இந்தப் பெருக்கம் விவசாயத்துக்கும் வெகு முன்னால், லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2024-ல் வந்த ஆய்வு சொல்கிறது. (நாய்களுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. ஓநாயைவிட நாயிடம் கணைய அமைலேஸ் மரபணுப் பிரதிகள் பல மடங்கு அதிகம். மனிதன் போட்ட மிச்சச் சோற்றைத் தின்றே அது அப்படி ஆகியிருக்கிறது. நம் தெரு நாய் தயிர்ச்சோறு தின்பதில் ஆச்சரியமே இல்லை.)

2014-ல், பிரதிகள் குறைவாக உள்ளவர்களுக்கு உடற்பருமன் வாய்ப்பு மிக அதிகம் என்று ஒரு பெரிய ஆய்வு வந்து உலகம் முழுக்கச் செய்தியானது. உங்கள் கணவர் படித்ததன் மூலம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டே, 2015-ல், வேறொரு குழு பிரதிகளை இன்னும் துல்லியமாக எண்ணும் முறையில் ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்துவிட்டு, எடையோடு எந்தச் சம்பந்தமும் தெரியவில்லை என்று எழுதியது. முதல் செய்தி போன அளவுக்கு இரண்டாவது போகவில்லை, வழக்கம்தான். குழந்தைகளிடமும் பார்த்திருக்கிறார்கள். மெக்சிகோ குழந்தைகளிடம் பிரதி அதிகமிருந்தால் பருமன் குறைவு என்று 2015-ல் ஒரு முடிவு, இத்தாலியில் பருவமடையாத பையன்களிடம் பிரதி குறைந்தால் எடை கூடுதல் என்று 2016-ல் இன்னொரு முடிவு. ஆக, விஷயம் இன்னும் இழுபறியில் இருக்கிறது. இருக்கட்டும், நாளைக்கே அந்தச் சம்பந்தம் உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம், உங்கள் பையனுக்குப் பிரதி நான்கு என்று ரிப்போர்ட்டும் வந்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு நான் உங்களுக்கு என்ன சொல்வேன்? டிவியை நிறுத்து, மெதுவாகச் சாப்பிடு, ஓடி விளையாடு என்றுதான். பத்து என்று வந்தாலும் அதேதான். பதிலை மாற்றாத டெஸ்டுக்குப் பணம் கட்டுவது வீண்.

மரபணு வேண்டாம், எச்சிலில் அமைலேஸ் எவ்வளவு என்று நேராக அளந்தால் என்ன என்று கேட்கலாம். அந்த எண் நிலையாக நிற்காது. தூங்கி எழுந்த அரைமணியில் இறங்கும், பிறகு நாள் போகப்போக ஏறும், பயந்தால் ஏறும், அழுதால் ஏறும். மன அழுத்தத்தை அளக்கும் குறியீடாகவே ஆராய்ச்சியாளர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் பாருங்களேன். காலையில் ஒரு எண், பல் டாக்டர் அறை வாசலில் இன்னொரு எண். இன்னொரு குழப்பமும் உண்டு: ஆஸ்பத்திரியில் "அமைலேஸ்" என்று இரத்தப் பரிசோதனை எழுதுவார்கள், அது கணைய அழற்சியைப் பார்ப்பதற்கு. பொன்னுக்கு வீங்கி வந்தாலும் அது ஏறும். எடைக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது.

இப்போது பிள்ளைகளுக்கு வருவோம். உங்கள் கடிதத்திலேயே மிகப் பயனுள்ள பகுதி நீங்கள் எழுதிய நான்கு எண்கள்தான்.

மகள். 3 வயதுப் பெண் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் நடுமட்ட எடை 13.9 கிலோ, 10.8-க்குக் கீழே போனால்தான் எடைக்குறைவு என்போம். உங்கள் மகள் 12. உயரத்தில் நடுமட்டம் 95.1, கீழ்க்கோடு 87.4, அவள் 92. ஒல்லி, ஆனால் கோட்டுக்கு உள்ளேதான் இருக்கிறாள். பக்கத்தில் பருத்த அண்ணன் உட்கார்ந்திருப்பதால் இன்னும் ஒல்லியாகத் தெரிகிறாள். பிறந்ததிலிருந்து தடுப்பூசி அட்டையில் எழுதிய எடைகளை எடுத்து வரிசையாகப் பாருங்கள். மெதுவாகவாவது ஏறிக்கொண்டே வந்திருந்தால் பயமில்லை. ஆறு மாதமாக நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அவள் அதக்கி வைப்பதற்குக் காரணம் எச்சிலில் இல்லை, ஆனால் அந்த அதக்கல் பல்லைக் கெடுக்கும். கன்னத்தில் கிடக்கும் சோற்றை அமைலேஸ் சர்க்கரையாக்கிக்கொண்டே இருக்கும், பல்லில் இருக்கும் கிருமிகள் அந்தச் சர்க்கரையை அமிலமாக்கும், வாயின் பிஹெச் (இந்த எண் இறங்க இறங்க அமிலம் கூடுகிறது என்று அர்த்தம்) 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். பால் பற்கள் சொத்தையாகும், வலிக்கும், வலிக்கிற பிள்ளை மெல்லாது, மெல்லாத பிள்ளை மறுபடி அதக்கும். இப்படியொரு வட்டம். முதலில் அவள் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள், கடைவாய்ப் பல்லில் கறுப்போ குழியோ இருந்தால் பல் மருத்துவரிடம் போய்விடுங்கள். இரவில் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்குகிறாளா? மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை பெரிதாக இருக்கும் குழந்தைகள் வாயால் மூச்சு விட வேண்டியிருப்பதால் சாப்பாட்டை மென்று விழுங்கச் சிரமப்படுவார்கள். மலச்சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள், வயிறு முட்டிக்கிடக்கும் பிள்ளைக்குப் பசி எங்கிருந்து வரும். பால் எவ்வளவு குடிக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. இந்த வயதில் ஒரு நாளைக்கு 400, 500 மி.லி. போதும். "சோறுதான் சாப்பிடலையே" என்று நாலு டம்ளர் பாலும் ஊட்டச்சத்துப் பவுடரும் கொடுத்தால் சோற்றுக்கு இடமிருக்காது, பாலில் இரும்புச்சத்தும் கிடையாது, இரத்தம் குறையும், குறைந்தால் பசி இன்னும் மந்தமாகும். நம் நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் மூன்றில் இரண்டு பேருக்கு இரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது, ஆகவே ஒரு ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 11-க்குக் கீழே என்றால் இரும்புச் சத்து மருந்து தேவைப்படும், அளவை மருத்துவர் எடை பார்த்துச் சொல்வார்.

அப்புறம் அந்தப் போன். வாயில் சோறு இருப்பதே அவளுக்குத் தெரியாது, கண்ணும் மூளையும் போனில் இருக்கின்றன. பசித்த பிறகு உட்கார வையுங்கள், எல்லோரும் சாப்பிடும்போது அவளுக்கும் ஒரு தட்டு, அவள் கையாலேயே, கொஞ்சமாக. அரைமணி நேரம் ஆனதும் மீதியிருந்தாலும் தட்டை எடுத்துவிடுங்கள், சண்டை வேண்டாம், "ஆ காட்டு" வேண்டாம், அடுத்த சாப்பாடு வரைக்கும் பிஸ்கட், முறுக்கு, பால் எதுவும் இல்லை, தண்ணீர் மட்டும். முதல் ஒரு வாரம் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், மாமியாருக்கு அதைவிடக் கஷ்டமாக இருக்கும். சாதத்தைக் குழைத்துப் பிசைந்து தருவதைக் குறைத்து, மெல்ல வேண்டிய மாதிரி இட்லித் துண்டு, வேகவைத்த காய்த் துண்டு, முட்டை, சுண்டல் என்று கொடுங்கள். 3 வயதில் இன்னும் கூழாகவே சாப்பிடும் பிள்ளைகள் மெல்லப் பழகாததால்தான் அதக்குகிறார்கள் என்பதை நிறையப் பார்க்கிறேன். முழு வேர்க்கடலை மட்டும் வேண்டாம், புரையேறி மூச்சுக்குழாயில் போய்விடும்.

மெடிக்கல் ஷாப் என்சைம் சிரப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் ஃபங்கல் டயஸ்டேஸும் பெப்சினும் இருக்கும். டயஸ்டேஸ் என்பது ஒருவகைப் பூஞ்சையிலிருந்து எடுக்கும் அமைலேஸ். தகாமினே என்ற ஜப்பானிய வேதியியலாளர் அமெரிக்காவில் 1894-ல் இதற்குக் காப்புரிமை வாங்கி மருந்தாக விற்றார், அதே சரக்குதான் இன்றும் ஓடுகிறது. கணையம் நன்றாக வேலை செய்யும் குழந்தைக்கு இதனால் எடை கூடப்போவதில்லை. பசியைத் தூண்டும் சிரப் என்று வேறு சிலது உண்டு, அவற்றில் சைப்ரோஹெப்டடின் இருந்தால் குழந்தை தூங்கி வழியும், நிறுத்தியதும் பசி பழையபடி ஆகிவிடும். கடைக்காரர் சொல்லி இதை வாங்க வேண்டாம். என்சைம் உண்மையாகவே தேவைப்படும் குழந்தைகள் மிகச் சிலர் இருக்கிறார்கள், கணையம் வேலை செய்யாதவர்கள். அவர்களுக்கு மலம் எண்ணெய் மிதக்க வெளுத்து, கடுமையான நாற்றத்தோடு போகும், நன்றாகத் தின்றும் எடை ஏறாது, அடிக்கடி நெஞ்சுச்சளி பிடிக்கும். அவர்களுக்குக் கொடுக்கும் மருந்தே வேறு, மாத்திரைக்குள் கணைய நொதி அளந்து வைத்திருக்கும். உங்கள் மகளுக்கு இந்த அடையாளம் எதையும் நீங்கள் எழுதவில்லை.

மாமியார் சொன்னதைத் திருப்பிப் போட்டால் அதில் உண்மை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். எச்சில் குறைந்ததால் சத்துக் குறைவதில்லை, சத்துக் குறைந்தால் எச்சில் குறையும். நீண்ட நாள் ஊட்டச்சத்துக் குறைவில் இருந்த இந்தியக் குழந்தைகளைப் பார்த்த ஓர் ஆய்வு 1992-ல் வந்தது. மெல்லும்போது சுரக்கும் உமிழ்நீர் அவர்களுக்குக் குறைந்திருந்தது, அமிலத்தைச் சமன் செய்யும் அதன் சக்தியும் குறைந்திருந்தது, அதனால் பல்லுக்குப் பாதுகாப்பும் குறைவு. ஆனால் அது பல மாதம், பல வருடம் பட்டினி பார்த்த உடம்பு. உங்கள் வீட்டு நிலைமை அதில்லை.

மகன் விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். நீங்கள் கடிதத்தில் மகளைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறீர்கள், எல்லா வீட்டிலும் அப்படித்தான், ஒல்லிப் பிள்ளைக்குக் கண்ணீர், குண்டுப் பிள்ளைக்குக் கன்னத்தில் கிள்ளு. 128 செ.மீ.க்கு 36 கிலோ என்றால் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எப்படி என்று காட்டும் எண், சுமார் 22. பெரியவர்களுக்கு 22 நல்ல எண்தான், ஆனால் 8 வயதுப் பையனுக்குச் சுமார் 19.7-ஐத் தாண்டினாலே உடற்பருமன். அவன் கழுத்தின் பின்புறம், அக்குளில் கறுப்பாக, வெல்வெட் மாதிரித் தடித்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது அழுக்கில்லை, பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்க்காதீர்கள், இன்சுலின் உடம்பில் சரியாக எடுபடவில்லை என்பதற்கு அது அடையாளம். கறுப்பு இருக்கிறதோ இல்லையோ, குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் எல்லாம் பார்த்துவிடுவது நல்லது. குறட்டையையும் சொல்லுங்கள்.

மெல்லாமல் விழுங்குவதால் அவன் எச்சில் என்சைம் வேலை செய்யாமல் குண்டாகிறான் என்று கணவர் நினைக்கிறார். மெல்லாததுக்கும் எடைக்கும் சம்பந்தம் உண்டு, வழி வேறு. வயிறு நிறைந்த செய்தி குடலிலிருந்து மூளைக்குப் போய்ச்சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஐந்து நிமிடத்தில் முடிப்பவன் அந்தச் செய்தி வருவதற்குள் இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டிருப்பான். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 9 முதல் 17 வயது வரையுள்ள பருமனான பிள்ளைகளுக்குத் தட்டுக்குக் கீழே ஒரு எடைக்கருவி வைத்து, அது காட்டும் வேகத்துக்கு மெதுவாகச் சாப்பிடப் பழக்கினார்கள். ஓராண்டு முடிவில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அவர்களுக்குப் பிஎம்ஐ கூடுதலாக இறங்கியது. 2010-ல் வெளியான ஆய்வு. கருவியெல்லாம் நமக்கு வேண்டாம், டிவியை அணைத்துவிட்டு யாராவது ஒருவர் கூட உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிட்டாலே வேகம் பாதியாகும். அமைலேஸ் பற்றியே கேட்டதால் ஒரு சுவையான தகவலும் சொல்கிறேன்: எச்சிலில் அமைலேஸ் அதிகமாக இருப்பவர்களுக்கு மாவுச்சத்து சாப்பிட்டபின் சர்க்கரை அதிகமாக ஏறும் என்றுதானே நினைப்போம்? 2012-ல் பெரியவர்களிடம் பார்த்தபோது அவர்களுக்குக் குறைவாகத்தான் ஏறியது. வாயிலேயே இனிப்பு தெரிந்து உடம்பு முன்கூட்டியே இன்சுலினை எடுத்துவிடுகிறது போலும் என்பது அவர்கள் விளக்கம். அதைக் குழந்தையின் எடைக்கு இழுத்துக்கொண்டு போக முடியாது, இன்னும் அவ்வளவு தூரம் ஆராய்ச்சி வரவில்லை.

அவனைப் பட்டினி போடாதீர்கள், எடை குறைக்கவே வேண்டாம், ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். இந்த வயதில் வருடத்துக்கு 5, 6 செ.மீ. வளர்வான். அடுத்த வருடம் 134 செ.மீ.யில் அதே 36 கிலோவாக இருந்தால் பிஎம்ஐ 22-லிருந்து 20-க்கு வந்துவிடும். சோற்றை நிறுத்த வேண்டாம், தட்டில் சோற்றின் அளவுக்குப் பொரியலும் பருப்பும் முட்டையும் வரட்டும். பாட்டில் குளிர்பானம், பாக்கெட் ஜூஸ், சாயங்கால பேக்கரி பஃப்ஸ், இவற்றை வீட்டுக்குள்ளேயே கொண்டு வராதீர்கள், யாருக்கும். அவனுக்கு மட்டும் இல்லை என்றால் திருடித் தின்பான். தினமும் ஒரு மணி நேரம் வியர்க்க விளையாட வேண்டும். தங்கச்சியின் தட்டில் மிச்சமானதை அவன் முடித்து வைக்கிறானா என்றும் கவனியுங்கள், நான் பார்த்த பல வீடுகளில் இதுதான் ரகசியம்.

இனி தங்கையின் குழந்தை. உங்கள் அம்மா செய்வதில் ஒரு பழைய அறிவு இருக்கிறது, அதை முதலில் ஒப்புக்கொள்வோம். பிறந்த குழந்தைக்கு எச்சில் அமைலேஸ் மிகக் குறைவு, முதல் ஆறு மாதத்தில்தான் ஏறிக்கொண்டு வரும். கணைய அமைலேஸோ ஆறு மாதம் வரை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. தாய்ப்பாலில் அமைலேஸ் உண்டு, கொழுப்பைச் செரிக்கும் நொதியும் உண்டு, எல்லாம் ஏற்பாடாகத்தான் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன் கஞ்சி வேண்டாம் என்று நாங்கள் கத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். எட்டு மாதத்தில் குழந்தை மாவுச்சத்தைச் செரித்துவிடும். அப்போது பிரச்சினை வேறு: அளவு. குழந்தையின் வயிறு கொள்வது கிலோவுக்குச் சுமார் 30 மி.லி., 8 கிலோ குழந்தைக்கு 240. தாய்ப்பாலுக்கு மேல் சாப்பாட்டிலிருந்து 6–8 மாதத்தில் 200 கலோரியும், 9–11 மாதத்தில் 300 கலோரியும் தேவை. நாம் என்ன செய்கிறோம், விழுங்க வேண்டுமே என்று கஞ்சியைத் தண்ணீராகக் காய்ச்சுகிறோம். 100 மி.லி.யில் 5 கிராம் மாவு போட்ட கஞ்சியில் 18 கலோரிதான் இருக்கும், வயிறு நிறையும், எடை ஏறாது. 20 கிராம் மாவு போட்டால் 70 கலோரி, ஆனால் களி மாதிரி இறுகிவிடும், குழந்தை துப்பிவிடும்.

அம்மா மென்று தரும்போது அவருடைய அமைலேஸ் அந்த இறுக்கத்தை உடைத்து நெகிழ்த்துகிறது. சரியான வேலைதான், ஆனால் கூடவே அவர் பல் சொத்தைக் கிருமியும் போகிறது, வாய்ப்புண் வைரஸ் போகலாம், ஈறில் இரத்தக் கசிவிருந்தால் இன்னும் மோசம். அமெரிக்காவில் ஹெச்ஐவி கிருமியே இப்படி மென்று ஊட்டியதால் பரவிய சில சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. வெற்றிலை புகையிலை போடுகிறவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

அதே அமைலேஸ் முளைகட்டிய தானியத்திலும் இருக்கிறது, அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். பரோடாவில் தாரா கோபால்தாஸ் என்ற ஊட்டச்சத்து அறிஞர் 1980-களில் இதைத்தான் ஆய்வு செய்து காட்டினார்: இறுகிய கஞ்சியில் முளைத்த தானிய மாவு கொஞ்சம் சேர்த்தால் நெகிழ்ந்துவிடும், குழந்தை அதிகம் சாப்பிடும். கேழ்வரகை ஒரு இரவு ஊறவைத்து, துணியில் கட்டி ஒன்றரை, இரண்டு நாள் முளைவிட்டு, வெயிலில் காயவைத்து, முளையைத் தேய்த்து உதிர்த்துவிட்டு அரையுங்கள். வாசம் வரும் அளவுக்கு லேசாக வறுக்கலாம், கருக வறுத்தால் அமைலேஸ் செத்துவிடும். கடையில் விற்கும் ராகி மால்ட் மாவுகளில் பலவும் நன்றாக வறுத்து வருவதால் இந்த வேலைக்கு உதவாது, சர்க்கரையும் சேர்ந்திருக்கும். கஞ்சியை வழக்கத்தைவிடக் கெட்டியாகக் காய்ச்சி, அடுப்பிலிருந்து இறக்கிச் சூடு கொஞ்சம் தணிந்ததும் ஒரு டீஸ்பூன் முளைமாவு போட்டுக் கிளறுங்கள், சில நிமிடங்களில் கண்முன்னே நீர்க்கும். தண்ணீர் சேராமலே நீர்க்கிறது என்பதால் கலோரி அப்படியே இருக்கும். பச்சை மாவு என்பதால் மறுபடி இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, கொஞ்சம் நெய்யோ நல்லெண்ணெயோ விட்டு ஊட்டலாம். இதுவே தினமும் மூன்று வேளை என்று வேண்டாம், ஒரு வேளை போதும், மற்ற வேளையில் பருப்பு சாதம், மசித்த காய், முட்டை மஞ்சள் கரு என்று மாறி மாறி வரட்டும். தாய்ப்பால் தொடரட்டும்.

இந்த மாதம் செய்ய வேண்டியது மகளுக்கு ஹீமோகுளோபினும் பல் பரிசோதனையும், மகனுக்கு நான் சொன்ன இரத்தப் பரிசோதனைகளும். ஜீன் டெஸ்ட் பணத்தில் இவை முடிந்து மிச்சமும் இருக்கும். மூன்று மாதம் கழித்து எழுதுங்கள், எடையோடு உயரத்தையும் சேர்த்து. உயரம் இல்லாமல் எடை மட்டும் எழுதினால் என்னால் எதுவும் சொல்ல முடியாது.